நட்புப் போட்டியும் பொதுக் களமும்: தமிழில் மாற்று இயங்குதளப் பயனர்களின் வரலாறு – புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விண்டோசுக்கு மாற்றாக எழுந்த கட்டற்ற இயங்குதளங்களின் பயனர்கள் தமக்குள் ஓயாது வாதிடுபவர்கள். எந்த வழங்கல் சிறந்தது, எந்தப் பணிமேடை எளியது என்னும் அவ்வாதங்கள் பெரும்பாலும் நட்பின் எல்லைக்குள் நிகழ்பவை. இந்நட்புப் போட்டி தமிழ்க் கணிமைக்கு எதைத் தந்தது, எதைத் தரத் தவறியது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. எழுத்துரு, விசைப்பலகை, எழுத்து வடிவாக்கம் ஆகியவற்றில் போட்டியாளர்கள் ஒரே பொதுக் களத்தில் நின்றதால் தமிழ் பயன்பெற்றது. அத்தகைய களம் உறுதிப்படாத கலைச்சொல் துறையில் உழைப்பு சிதறியது. புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் அடைந்த இரட்டை இயங்குதள மடிக்கணினியை இவ்வரலாற்றின் சோதனைக் களமாகக் கொண்டு, தெரிவு மட்டுமே ஒரு பயனர் சமூகத்தை உருவாக்கிவிடாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், லினக்ஸ், கேடிஈ, குனோம், பாஸ் லினக்ஸ், தமிழாக்கம், கலைச்சொல், புதுக்கோட்டை.

முன்னுரை

தமிழ்க் கணிமை வரலாறு இதுவரை பெரும்பாலும் எழுத்துருக்களின் வரலாறாகவும் குறியேற்றங்களின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாடு, அதன் வழிவந்த தமிழ்99 விசைப்பலகை, டாம், டாப் குறியேற்றங்கள், அவற்றுக்கு இணையாக ஆர்வலர்கள் வளர்த்த திஸ்கி, பின்னர் வந்த ஒருங்குறி, 2010ஆம் ஆண்டு சூனில் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியேற்றமான டேஸ்16ஐயும் தமிழக அரசு ஏற்றமை எனும் வரிசை ஆய்வாளர்கள் நன்கறிந்தது. இவ்வரிசையில் இயங்குதளம் ஒரு பின்புலமாக மட்டுமே இடம்பெறுகிறது. எழுத்துருவும் குறியேற்றமும் ஏதேனும் ஓர் இயங்குதளத்தின் மீதே இயங்குகின்றன. அத்தளத்தைத் தெரிவு செய்தவர்கள் யார், அவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு உறவாடினர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினாவைச் சென்னையை மட்டும் வைத்து எழுப்பினால் விடை குறையுடையதாகும். மாற்று இயங்குதளம் பற்றிய வாதங்கள் சென்னை, டொராண்டோ போன்ற நகரங்களில் இருந்த ஆர்வலர்களிடையே நிகழ்ந்தன. அவ்வாதங்களின் விளைபொருளோ அரசின் மடிக்கணினித் திட்டத்தின் வழியாக அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம் போன்ற ஊர்களின் மாணவர் கைகளுக்கும் சென்றது. எனவே ஆர்வலர் வட்டத்தில் தொடங்கிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் முடிவதாக இக்கட்டுரை அமைகிறது.

கட்சி கட்டும் மரபு

பகையின்றிக் கட்சி கட்டி வாதிடுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. மணிமேகலை பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகிறது. தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையை ஒட்டி நிகழும் இலாவணியில், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் இரவு முழுவதும் பாடி வாதிடும். எரிந்த கட்சிக்கும் எரியாத கட்சிக்கும் கதை ஒன்று; அரங்கும் ஒன்று; கேட்போரும் ஒருவரே. கதை பொதுவாக இல்லையெனில் வாதம் நிகழாது.

நட்புப் போட்டி என்னும் தொடரை இக்கட்டுரை இப்பொருளிலேயே ஆள்கிறது. பொதுவான ஒன்றைப் பகிர்ந்துகொண்டவர்கள் அதன் மீது நின்று வேறுபடுவதே நட்புப் போட்டி. விண்டோசுக்கும் லினக்சுக்கும் இடையிலான போட்டி இவ்வகையைச் சாராது. அங்கே மூல நிரல் பகிரப்படுவதில்லை. கேடிஈக்கும் குனோமுக்கும், டெபியனுக்கும் ரெட்ஹாட்டுக்கும், லினக்சுக்கும் பி.எஸ்.டி. குடும்பத்துக்கும் இடையிலானவை இவ்வகையின.

உலகப் பின்னணி

1983ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டு ஆகத்தில் லினசு டோர்வால்ட்சு தம் கெர்னல் முயற்சியை மினிக்ஸ் பயனர்களுக்குத் தெரிவித்தார். மினிக்ஸ், ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987இல் பாடநூலுடன் வெளியிட்ட இயங்குதளம். டோர்வால்ட்சு தம் கெர்னலை மினிக்ஸ் இயங்கிய கணினியிலேயே எழுதத் தொடங்கியிருந்தார். 1992 சனவரியில் டானன்பாம், லினக்சின் அமைப்பு பழமையானது என்று பொதுவெளியில் விமர்சித்தார். கெர்னல் ஒரே திரளாக இருக்க வேண்டுமா, சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட வேண்டுமா என்பதே வாதத்தின் மையம். டோர்வால்ட்சு கடுமையாக மறுமொழி கூறினார். பின்னர் தம் சொற்களின் கடுமைக்கு வருத்தமும் தெரிவித்தார்.

இவ்வாதத்தின் முடிவு 12 ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. 2004இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த ஒருவர், லினக்ஸ் மினிக்சிலிருந்து களவாடப்பட்டிருக்கலாம் என்று எழுத முற்பட்டார். அதனை வெளிப்படையாக மறுத்து, லினக்ஸ் டோர்வால்ட்சு தாமே எழுதியது என்று சான்றளித்தவர் டானன்பாம்தான். நுட்ப வேறுபாட்டை அவர் இறுதிவரை கைவிடவில்லை. எதிராளியின் நேர்மையை ஐயுறவும் இடந்தரவில்லை. நட்புப் போட்டியின் அறம் இந்நிகழ்வில் தெளிவாகப் புலப்படுகிறது.

இரண்டாவது பெரும் போட்டி பணிமேடைகளுக்கு இடையிலானது. 1996 அக்டோபரில் செருமனியின் மத்தியாசு எட்ரிச் கேடிஈ திட்டத்தை அறிவித்தார். அது சார்ந்திருந்த க்யூடி நூலகத்தின் உரிமம் அப்போது முழுமையான கட்டற்ற உரிமமாக இல்லை. இக்காரணத்தால் மிகுவேல் டி இகாசாவும் பெடரிகோ மேனாவும் 1997 ஆகத்தில் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். 2000 செப்டம்பரில் க்யூடி பொது மக்கள் உரிமத்தின் கீழும் கிடைத்தது. பிளவுக்கு மூலமான காரணம் நீங்கியது. எனினும் இரு பணிமேடைகளும் தனித்தனியே தொடர்ந்தன. அதே ஆண்டில், இரண்டுக்கும் பொதுவான நியமங்களை வகுக்கும் பொருட்டு ஃபிரீடெஸ்க்டாப் என்னும் கூட்டு முயற்சி தொடங்கப்பட்டது. போட்டி நீடிக்கும்போதே பொதுக் களத்தை அகலப்படுத்தும் இப்போக்கு தமிழுக்கு நேரடியாகப் பயன்பட்டது.

தமிழ் லினக்சின் தொடக்கம்

இந்தியாவில் லினக்ஸ் பரவியதில் இதழ்களுக்கு முக்கியப் பங்குண்டு. 1990களின் நடுப்பகுதி முதல் பீசிக்வெஸ்ட் இதழ் தன் வாசகர்களுக்கு லினக்ஸ் குறுந்தகடுகளை வழங்கியது. இணைய வேகம் மிகக் குறைந்திருந்த அக்காலத்தில் சிறு நகர வாசகருக்கு இயங்குதளம் இதழுடன் வந்து சேர்ந்தது. பின்னாளில் உபுண்டு நிறுவனத்தார் 2005 முதல் 2011 வரை வட்டுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பியதும் இவ்வகைப் பரவலே. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990களின் பிற்பகுதியில் உருவாகி, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் கூடிவந்தது. காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய இடங்களிலும் பின்னர்ப் பயனர் குழுக்கள் தோன்றின.

தமிழ் இடைமுகத்தை உருவாக்கும் பணி 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புலம்பெயர்ந்த தமிழரின் முயற்சியால் வேகம் பெற்றது. டொராண்டோவைச் சேர்ந்த வெங்கட்ரமணன் உள்ளிட்ட ஆர்வலர்கள் தமிழ் லினக்ஸ் என்னும் பெயரில் ஒருங்கிணைந்தனர். குனோம் பணிமேடையைத் தமிழாக்கத் தனிக் குழு இயங்கியது. கேடிஈக்கும் தனிக் குழு இருந்தது. அம்பலம் இணைய இதழைச் சார்ந்த தமிழ்பிசி குழு, சென்னையின் ழ கணினித் திட்டம், ரெட்ஹாட் நிறுவனத்தின் மொழியாக்கப் பிரிவு, உபுண்டு தமிழ்க் குழுமம் ஆகியவை அடுத்தடுத்து இப்பணியில் ஈடுபட்டன. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ், வழங்கல்களையும் பணிமேடைகளையும் தமிழிலேயே அறிமுகப்படுத்தி இவ்வாதத்தை ஆங்கிலம் அறியாத வாசகருக்கும் திறந்துவிட்டது.

இக்குழுக்களின் வரலாற்றை அறிய நமக்குள்ள முதன்மைச் சான்று மொழியாக்கக் கோப்புகளே. குனூ திட்டத்தின் கெட்டெக்ஸ்ட் முறையை இரு பணிமேடைகளும் ஏற்றன. அம்முறையில் ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் மொழிபெயர்த்தவர் பெயர், குழு, கடைசியாகத் திருத்திய நாள் ஆகியவை பதியப்படும். பின்வந்த குழுவினர் முன்னவர் பெயரை நீக்காமல் தம் பெயரைச் சேர்ப்பது வழக்கம். இதனால் ஒரே கோப்பில் பல குழுக்களின் அடுக்குகள் காணக் கிடைக்கின்றன. கல்வெட்டில் பிற்காலப் பொறிப்பு முற்காலப் பொறிப்பின் கீழ் அமைவதைப் போன்ற இவ்வடுக்குகளைக் காலவரிசைப்படுத்தினால் குழுக்களின் வருகையும் விலகலும் தெளிவாகும்.

ஒரே எழுத்து, இரு பொறிகள்

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவது இவ்விரு முகாம்களும் எதிர்கொண்ட முதல் சிக்கல். திஸ்கிக் காலத்தில் க்யூடி நூலகம் தனக்கென ஒரு திஸ்கி மாற்றியைக் கொண்டிருந்தது. குனூ அமைப்பின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2002இல் தனியாக மற்றொரு திஸ்கி மாற்றியைப் பெற்றது. ஒரே குறியேற்றத்துக்கு இரு முகாம்களிலும் இரு நிரல்கள் எழுதப்பட்டன.

ஒருங்குறி வந்தபின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 'கொ' என்னும் எழுத்தில் ஒகரக் குறி ஒரே குறியாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அது இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். இப்பணியைச் செய்யும் வடிவாக்கப் பொறி குனோமில் பாங்கோ எனப்பட்டது. கேடிஈ க்யூடியின் சொந்தப் பொறியைப் பயன்படுத்தியது. ஒரு பொறியில் திருத்தப்பட்ட பிழை மற்றொன்றில் அப்படியே நீடிக்க வாய்ப்பிருந்தது. ஒரு பணிமேடையில் ஒழுங்காகத் தெரிந்த கட்டுரை மறு பணிமேடையில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால், அது தத்தம் பணிமேடையின் பெருமை பேசுவோருக்கு வாதப் பொருளாகும், எழுதுவோருக்கோ இடர்.

இரு முகாம்களின் நிரலாளர்களும் தம் பொறிகளின் பொதுப் பகுதியை ஒன்றாக்க முனைந்ததன் விளைவே ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்னும் பொருள்பட அமைந்த பெயர் அது. 2000களின் நடுப்பகுதியில் பொதுக் கிடங்காகத் தொடங்கி, பின்னர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முதன்மையாக நின்று புதிதாக எழுதிய அப்பொறி, 2010களில் இரு பணிமேடைகளுக்கும் அடித்தளமாயிற்று. பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவையும் அதனையே ஏற்றன. இன்று ஆண்ட்ராய்டுத் திறன்பேசியில் தமிழ் படிப்பவர், கேடிஈயும் குனோமும் தனித்தனியே முயன்று பின் ஒன்றுகூடிய உழைப்பின் பயனை நுகர்கிறார்.

எழுத்துருவிலும் விசைப்பலகையிலும் இதே போக்கைக் காணலாம். ரெட்ஹாட் 2004இல் லோகித் எழுத்துருக்களைப் பொது மக்கள் உரிமத்தில் வெளியிட்டது. அதன் போட்டி வழங்கலான டெபியனும் அவற்றைத் தன் கிடங்கில் சேர்த்துக்கொண்டது. உரிமம் அதற்கு இடமளித்தது. உள்ளீட்டுக்குச் சப்பானில் உருவான எம்17என் நூலகத்தில் தமிழ்99, தட்டச்சு, ஒலியியல் முறைகளுக்கான விசை அமைப்புகள் இடம்பெற்றன. எப்பணிமேடையினரும் அவற்றைக் கையாள முடிந்தது. இதற்கு மாறாக, விண்டோஸ் பயனரிடையே பெரிதும் பரவிய என்.எச்.எம். ரைட்டர் இலவசமாகக் கிடைத்தும் விண்டோசுக்கு வெளியே பயன்படவில்லை. இலவசம் வேறு, பொதுக் களம் வேறு என்பதற்கு இது தக்க சான்று.

கலைச்சொல்: களம் உறுதிப்படாத துறை

எழுத்தைக் காட்டுவதில் எட்டிய ஒருமை, சொல்லைத் தெரிவு செய்வதில் எட்டப்படவில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக அடைவு என்றும் கோப்புறை என்றும் இரு சொற்கள் வழங்கின. முன்னது லினக்ஸ் பணிமேடைகளிலும் பின்னது மைக்ரோசாப்டின் தமிழ் இடைமுகத்திலும் பழகின. வழங்கி, சேவையகம், தத்தல், கீற்று, பணிமேடை, மேசைத்தளம் எனப் பட்டியல் நீளும். இயங்குதளம் என்னும் சொல்லே இயக்குதளம், இயக்க முறைமை, இயக்க அமைப்பு என நான்கு வடிவங்களில் உலவுகிறது.

பல சொற்கள் உலவுவது மொழியின் வளம் என்று கூறப்படலாம். இலக்கிய வழக்கில் அக்கூற்று பொருந்தும். கணினித் திரையில் சொல் ஒரு பொத்தானின் பெயர். கற்பவர் அதனை அழுத்த வேண்டும். தமிழ்வழி மேல்நிலைப் பாடநூல் ஆளும் சொல் இயக்க அமைப்பு. பல மென்பொருள்களின் பட்டிகளில் அமைப்புகள் என்பது விருப்பத் தேர்வுகளை மாற்றும் இடத்தைக் குறிக்கிறது. பாடநூலில் ஒரு பொருளுக்கும் திரையில் வேறொரு பொருளுக்கும் ஒரே சொல் நிற்கும்போது, மாணவர் தமிழ் இடைமுகத்தைக் கைவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்புவது இயல்பு. அவ்வாறு திரும்பினால் அத்தனை குழுக்களின் உழைப்பும் வீணாகும். நட்புப் போட்டியில் தமிழ் எதை இழக்கக்கூடும் என்பதற்கு இதுவே விடை.

இதனை உணர்ந்து முயன்றவர்களும் உண்டு. ரெட்ஹாட்டின் மொழியாக்கப் பணியாளர்கள் 2008 அளவில் தொடங்கிய ஃபியூவல் திட்டம், மிகுதியாக வரும் இடைமுகச் சொற்களுக்கு ஒவ்வோர் இந்திய மொழியிலும் பொதுப் பட்டியல் ஒன்றை வகுக்க முனைந்தது. தமிழும் அதில் இடம்பெற்றது. ஆயினும் அப்பட்டியலை ஏற்கும் கடப்பாடு எக்குழுவுக்கும் இல்லை. மேலும், உபுண்டுவின் மொழியாக்கத் தளத்தில் செய்யப்பட்ட மாற்றங்கள் குனோம், கேடிஈ மூலக் கிடங்குகளுக்குத் தாமாகச் சென்று சேர்வதில்லை. ஒரே தொடரை உபுண்டுவுக்காக ஒருவரும் குனோமுக்காக மற்றொருவரும் மொழிபெயர்க்கும் நிலை நேர்ந்தது. நிரலில் பிழை இருப்பின் இயந்திரம் காட்டிக் கொடுக்கும். சொல் முரண்பட்டால் எந்த இயந்திரமும் நிற்பதில்லை. வடிவாக்கப் பொறி ஒன்றானதற்கும் கலைச்சொல் ஒன்றாகாமைக்கும் அடிப்படைக் காரணம் இதுவெனக் கருதலாம்.

அரசின் தெரிவுகள்

ஆர்வலர் வட்டத்தில் நடந்த போட்டியை அரசு தன் கொள்முதலின் வழியாகப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2006–07 அளவில், எல்காட் நிறுவனம் தன் பணிகளை விண்டோசிலிருந்து சூசே லினக்சுக்கு மாற்றியது. 2005இல் சிடாக் சென்னை மையமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ–கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அதன் வழியாக 2007இல் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அத்தளம் இந்திய மொழிகளுக்கு முதன்மை தந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றதை ஒட்டித் தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்சுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது.

கல்வித் துறையின் போக்கு இதனோடு ஒத்திருந்தது என்றாலும் உறுதியாக இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பல்லாண்டுகள் ஸ்டார் ஆபீஸ் பாடமாக இருந்தது. 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் விண்டோசையும் உபுண்டுவையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், அப்பத்தாண்டின் இறுதிக்குள் பள்ளிக் கணினிக் கல்வியை முற்றிலும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்சியும் அளித்தது. கேரளம் ஒரு தளத்தைத் தெரிவு செய்து அதனைச் சுற்றி ஆசிரியர் வட்டத்தை அமைத்தது. தமிழகம் இரு தளங்களை வழங்கித் தெரிவை மாணவரிடம் விட்டது.

புதுக்கோட்டை: இரு வாயில் மடிக்கணினி

2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் பயனாளிகள். எல்காட் கொள்முதல் செய்த அம்மடிக்கணினிகள் விண்டோசும் பாஸ் லினக்சும் ஒருங்கே நிறுவப்பட்டு வந்தன. இயக்கியவுடன் எத்தளத்துக்குள் நுழைவது என்று கேட்கும் பட்டி தோன்றும். புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசுப் பள்ளி மாணவருக்கும், மாமன்னர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளின் மாணவருக்கும், இரு தளங்களைக் கொண்ட கணினி ஒன்று சொந்தமாகும் வாய்ப்பு இவ்வாறு கிடைத்தது. அதுவரை ஆர்வலரின் வாதப் பொருளாக இருந்த தெரிவு, மாவட்டத்தின் சிற்றூர் வீட்டுக்குள் வந்தது.

கருவி வந்தமையால் மட்டும் கல்வி நிகழாது என்பதைப் புதுக்கோட்டை தன் சொந்த வரலாற்றிலேயே அறியும். 1991–92இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். மிதிவண்டி அதற்கு முன்பும் கடைகளில் இருந்தது. கற்பிக்கும் தொண்டர், உடன் கற்கும் தோழியர், ஊர் கூடிப் பார்க்கும் நிகழ்ச்சி ஆகியவை சேர்ந்தபோதே அது பெண்களின் வாகனமாயிற்று. கற்றவர் அடுத்தவருக்குக் கற்பித்தமையால் இயக்கம் தானே பரவியது.

கணினித் தமிழிலும் இம்மாவட்டத்துக்கு அத்தகைய வட்டம் ஒன்று உண்டு. நா. முத்துநிலவன் உள்ளிட்ட ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இணைந்த கணினித் தமிழ்ச் சங்கம், ஆசிரியர்களுக்கும் எழுதுவோருக்கும் இணையத் தமிழ்ப் பயிற்சி முகாம்களை நடத்தியது. 2015 அக்டோபர் 11ஆம் நாள் தமிழ் வலைப்பதிவர் திருவிழாவைப் புதுக்கோட்டையில் நடத்திப் பல ஊர்களிலிருந்தும் பதிவர்களை வரவழைத்தது. தமிழில் எழுதுவது, வலைப்பூ தொடங்குவது, விக்கிப்பீடியாவில் பங்களிப்பது ஆகியவை இம்முயற்சிகளில் முதன்மை பெற்றன.

இவ்விரு நிகழ்வுகளையும் மடிக்கணினித் திட்டத்தோடு ஒப்பிடின் ஒரு வேறுபாடு விளங்கும். மிதிவண்டியையும் வலைப்பூவையும் சுற்றி மாவட்டத்தில் பயனர் வட்டம் இருந்தது. மடிக்கணினியின் இரண்டாம் வாயிலைத் திறந்து நுழைந்த மாணவருக்குத் திட்டம் தன்னளவில் அத்தகைய வட்டம் எதனையும் சேர்த்துத் தரவில்லை. ஐயம் எழுந்தால் கேட்க அண்டை வீட்டாரோ, கடைக்காரரோ பெரும்பாலும் விண்டோசை அறிந்தவராகவே இருப்பர். சென்னையின் பயனர் ஒருவருக்குக் குனோம் பிடிக்காவிடின், கேடிஈயைப் புகழ்ந்து அதனை நிறுவியும் தர மாதக் கூட்டத்தில் ஒரு நண்பர் இருப்பார். அவ்வாதமே அவருக்குப் பாடம். போட்டியிடும் நண்பர் இல்லாத இடத்தில், பிடிக்காத பயனர் தளத்தையே விட்டு விலகுகிறார். நட்புப் போட்டி வெறும் பொழுதுபோக்கு என்று கருதப்படுவதுண்டு. கற்றலின் நடைமுறை அமைப்பாகவும் அது செயல்படுகிறது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

சான்றுகளைக் காத்தல்

இவ்வரலாற்றின் மூலச் சான்றுகள் விரைந்து அழிந்துவருகின்றன. இதழ்களுடன் வந்த குறுந்தகடுகள் படிக்க இயலாதவை ஆகின்றன. தொடக்ககாலத் தமிழ் லினக்ஸ் குழுவினர் உரையாடிய யாகூ குழுமச் சேவை 2020இல் முடிவுக்கு வந்தது. பாஸ் லினக்சுடன் வந்த மடிக்கணினிகள் பழுதாகியோ வேறு தளம் நிறுவப்பட்டோ தம் முதல் வடிவை இழந்துவிட்டன.

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் மன்னராட்சிக் காலத்திலேயே, 1910இல், தொடங்கப்பட்டது. தன் பொருள்சார் வரலாற்றைப் பேணும் மரபுள்ள இம்மாவட்டத்தில், கல்லூரிகளின் தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, முதல் வடிவில் எஞ்சியுள்ள மடிக்கணினிகளின் வட்டுப் படிகளைச் சேகரித்தல். இரண்டாவது, அவற்றைப் பெற்ற மாணவரிடமும் அக்கால ஆசிரியரிடமும் வாய்மொழி வரலாறு பதிவு செய்தல். மூன்றாவது, மொழியாக்கக் கோப்புகளில் உள்ள சொற்களையும் பாடநூற் சொற்களையும் ஒப்பிட்டு முரண்பட்டியல் தயாரித்தல். மூன்றாவது பணிக்கு நிதி பெரிதும் தேவையில்லை. கோப்புகள் கட்டற்ற உரிமத்தில் திறந்தே உள்ளன.

முடிவுரை

மாற்று இயங்குதளப் பயனர்களின் நட்புப் போட்டி தமிழுக்கு மூன்று நிலைகளில் மூன்று வகை விளைவுகளைத் தந்துள்ளது. வடிவாக்கம், எழுத்துரு, விசைப்பலகை என்னும் நிலையில் இரு முறை செய்யப்பட்ட பணி இறுதியில் பொதுச் சொத்தாயிற்று. அதற்குக் கட்டற்ற உரிமம் வழிவகுத்தது. கலைச்சொல் நிலையில் பொதுப் பட்டியல் முயற்சி இருந்தும் அதனை ஏற்கும் கடப்பாடு உருவாகாததால், கற்போர் குழப்பத்தை எதிர்கொள்கின்றனர். கல்வி நிலையில் அரசு தெரிவை வழங்கியது. தெரிவை வாதமாகவும் வாதத்தைக் கற்றலாகவும் மாற்றும் பயனர் வட்டத்தை உடன் வழங்கவில்லை.

எனவே இனி வரும் மடிக்கணினித் திட்டங்களை மதிப்பிடும்போது, கருவிகளின் எண்ணிக்கையோடு, ஒவ்வொரு வட்டத்திலும் பயனர் குழு ஒன்று இயங்குகிறதா, பாடநூலும் திரையும் ஒரே சொல்லைப் பேசுகின்றனவா என்னும் இரு வினாக்களையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். மிதிவண்டியை இயக்கமாக்கிக் காட்டிய மாவட்டத்தில் இவ்விரண்டும் எட்ட முடியாதவை அல்ல.